அதிகாலை மூன்று மணி மீட்டரிலிருந்து தொடங்குங்கள்

காலநிலைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகமோ நிறுவனமோ முடிவெடுத்ததும் முதலில் ஒரு குழு போடுவார்கள், அப்புறம் 2050-க்குள் கார்பன் சமநிலை என்று அறிவிப்பார்கள். கட்டட மின்பராமரிப்பிலேயே இருபது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்: அதற்கு முன்னால், விடுமுறை நாள் ஒன்றில் அதிகாலை மூன்று மணிக்கு மெயின் மீட்டரைப் போய்ப் பாருங்கள். ஆளே இல்லாத நேரத்தில் எத்தனை கிலோவாட் ஓடுகிறது? வேலைநாள் பகல் பதினொன்றுக்கு எத்தனை? இரவு அளவு பகல் அளவில் பாதியைத் தொட்டால், முதல் வேலை அங்கேதான் இருக்கிறது. எந்தக் கட்டடம் இழுக்கிறது என்று தெரிய, கட்டடத்துக்கு ஒன்றாகச் சப் மீட்டர் வேண்டும். முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

நான் இருந்த வளாகத்தில் வேதியியல் கட்டடத்தின் அளவு மட்டும் இரவிலும் இறங்கவே இல்லை. காவலரோடு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி ஆய்வகத்தில் விளக்கெல்லாம் அணைந்திருந்தது. ஆனால் கதவை இழுத்தால் வரவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. திறந்து பார்த்தால், ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு மேசைகளான ஃப்யூம் ஹூட் ஆறு, ஆறுக்கும் கண்ணாடித் தடுப்பு மேலே தூக்கியபடி. மேசைமேல் கிடந்த தாளின் ஓரம் ஹூட் பக்கமாகவே படபடத்துக்கொண்டிருந்தது. காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றை மொட்டைமாடி ஃபேன் விடிய விடிய வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தடுப்பை இறக்கினால் மட்டும் போதாது. பழைய அமைப்பில் ஃபேன் அதே வேகத்தில்தான் ஓடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. பொருத்துங்கள். ஃபேன் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடியாக மாறுவதால், வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆய்வகப் பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் மட்டும் இதில் கை வைக்காதீர்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்களையும் விடாதீர்கள். பல மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும், மின்சாரமும் சுமார் 30 சதவீதம் குறையும். ஆனால் ஆராய்ச்சியாளரிடம் உட்கார்ந்து பேசி, அவர் சரி என்ற பிறகே மாற்றுங்கள்.

தொழிற்சாலை என்றால், உற்பத்தி நின்ற நேரத்தில், அழுத்திய காற்று போகும் குழாயான ஏர் லைன் ஓரமாக நடங்கள். ‘புஸ்’ என்று கேட்கும் இடமெல்லாம் கசிவு. சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழ் காட்டிக்கொடுக்கும். சரியாகப் பராமரிக்காத இடங்களில் கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படியே போய்விடும்.

யாரும் கவனிக்காத ஒன்று ஏ.சி. கேஸ். பல ஏ.சி.களில் இருக்கும் ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். எந்த மெஷினில், எந்தத் தேதியில், எத்தனை கிலோ நிரப்பினார்கள் என்று ஒரு பதிவேடு போடுங்கள். ஒரே மெஷின் இரண்டாம் முறை வந்தால் கேஸ் நிரப்ப விடாதீர்கள், முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இனி கணக்கு. நிறுவனங்கள் தங்கள் உமிழ்வைக் கணக்கிட 2001-இல் வந்த பசுங்குடில் வாயு நெறிமுறை, அந்த உமிழ்வு எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிக்கிறது: நீங்களே எரிப்பதும் கசியவிடுவதும், வாங்கும் மின்சாரம், மீதி எல்லாம். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, எனவே ஜெனரேட்டர் கணக்கு ஒரு மதியத்தில் முடிந்துவிடும். மூன்றாவது பிரிவில்தான் வாங்கும் பொருள், விமானப் பயணம், முதலீடு எல்லாம் வரும். பல இடங்களில் மூன்றில் பெரியது அதுதான். மாணவர்கள் பல வருடங்கள் விடாமல் கேட்ட பிறகு, புதைபடிவ எரிபொருளில் இனி முதலீடு செய்யும் எண்ணமில்லை என்று ஹார்வர்டு 2021-இல் அறிவித்தது. மாணவர்கள் கேட்டால் கதவை அடைக்காதீர்கள்.

பணம் இல்லை என்பார்கள். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை பொதுக்கணக்கில் கரைந்துபோவதால்தான் அப்படி. அதைத் தனி நிதியாக ஒதுக்கச் சொல்லி நிதிப்பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள். முதல் வி.எஃப்.டி. மிச்சப்படுத்துவது இரண்டாவதை வாங்கட்டும். வேறு எங்கோ குறைத்த உமிழ்வை உங்கள் கணக்கில் காட்ட கார்பன் கிரெடிட் விற்க வருபவரிடம், அந்த நிதி தீர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.