ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனால் ட்ரோபோனின் ஏறியிருக்கிறதா?

அக்காவுக்கு 46 வயது. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். 108-ஐ அழைத்தோம். ட்ரோபோனின் ஏறியிருந்தது. ஆஞ்சியோ செய்துவிட்டு, "குழாயெல்லாம் சுத்தமாக இருக்கிறது, வாயுவாக இருக்கும்" என்று மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். நாங்களும் சாமி கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். பத்தே நாளில் அதே வலி, அதே நேரம்.

வாயுவால் ட்ரோபோனின் ஏறாது. இதயத் தசை காயப்படும்போது ரத்தத்தில் கசியும் புரதம் அது. மாரடைப்பு வருகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பெரிய அடைப்பு இருக்காது. அவர்களில் பெண்கள் அதிகம். இதற்கு மினோக்கா என்று பெயர். அது நோயின் பெயர் அல்ல, காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும் என்பதற்கான அடையாளம். ஆகவே டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள்: "அடைப்பு இல்லை, சரி. ட்ரோபோனின் ஏன் ஏறியது?"

ரிப்போர்ட்டில் அடைப்பின் சதவீதத்தையும் பாருங்கள். 50-க்குக் கீழே இருந்தாலே இந்த வகையில் சேர்த்துவிடுவார்கள். 30 சதவீதக் கொழுப்புப் படிவுகூட வெடித்து ரத்தம் உறைந்திருக்கலாம். அப்படியானால் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டினும் தேவைப்படும். ஆஞ்சியோ சிடியைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். குழாயின் உட்சுவர் தானாகக் கிழிவது 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்கும், பிரசவமான புதிதிலும் வரும். முதல் பார்வையில் தப்பிவிடக்கூடும், சிடி இருந்தால் இன்னொரு மருத்துவர் மறுபடி பார்க்கலாம். அது பெரும்பாலும் ஸ்டென்ட் இல்லாமலே ஆறிவிடும்.

எக்கோவோடு நிற்காமல் இதய எம்ஆர்ஐ பற்றியும் கேளுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்தால்தான் தசையின் வீக்கம் தெளிவாகத் தெரியும். மாரடைப்பா, தசை அழற்சியா, பெரிய அதிர்ச்சியில் இதயம் பலூன் போல உப்பும் டக்கோட்சுபோவா என்று பிரித்துச் சொல்வது அதுதான். நுரையீரலில் ரத்தக்கட்டி இருந்தாலும் ட்ரோபோனின் ஏறும். அதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவதாகப் பார்த்த இதய மருத்துவர் கேட்ட முதல் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன்: "மாடி ஏறும்போது வலிக்கிறதா, படுத்திருக்கும்போதா?" படுத்திருக்கும்போது, அதுவும் விடியற்காலையில் என்றதும் அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. குழாய் திடீரென்று இறுகிச் சுருங்கும் நோய். வலி இருக்கும்போதே ஈசிஜி எடுத்தார்கள், மாற்றம் தெரிந்தது. குழாயைத் தளர்த்தும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்ததும் வலி அடங்கி, ஈசிஜியும் பழையபடி ஆனது. இப்படிப் பிடிபடாதவர்களுக்கு ஆஞ்சியோவின்போதே அசிடைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்தி, குழாய் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை.

முதல் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ப்ராப்ரனலால் என்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். குழாய்ச் சுருக்கத்தை அது கூட்டிவிடலாம் என்று இந்த இரண்டாவது மருத்துவர் நிறுத்தி, குழாயைத் தளர்த்தும் டில்டியாசெம் தொடங்கினார். ஆனால் குழாய்ச்சுவர் கிழிந்தவர்களுக்கு ப்ராப்ரனலால் வகை மாத்திரை உதவும். அதனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டில்டியாசெமையும் திடீரென்று விடக்கூடாது. ஊருக்குப் போனால் பையில் முதலில் அதுதான் இருக்க வேண்டும். புகைப் பழக்கம் உள்ளவர்கள் அன்றே விட்டுவிட வேண்டும், அது குழாயை இறுக்கும்.

சார்பிட்ரேட் இப்போது அக்காவின் தலைமாட்டில் இருக்கிறது. வலி வந்தால் முதலில் உட்கார வேண்டும், பிரஷர் இறங்கித் தலைசுற்றும். அப்புறம் ஒரு மாத்திரை நாக்குக்கு அடியில். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லையென்றால் 108.