ஆர்ட், போட்டோகிராபி பேப்பர் எடுக்கிற வேலூர் பசங்க சொதப்புற இடங்க

எலெக்டிவ் லிஸ்ட்ல டிராயிங், பெயிண்டிங், போட்டோகிராபின்னு பார்த்த உடனே "மச்சி இது ஈஸி பேப்பர்டா, படிக்கவே வேணாம்"னு டிக் அடிக்கிறாங்க பாருங்க, பாதி பிரச்சினை அங்கயே ஆரம்பிச்சிடுது. படிக்க வேணாம்ன்றது உண்மைதான், ஆனா மத்த பேப்பர் மாதிரி முந்தின நாள் நைட்டு முழிச்சி இத ஒப்பேத்த முடியாது, ஏன்னா ஸ்டுடியோ கோர்ஸ்ல பெரும்பாலும் கடைசியா கொடுக்கிற ஒரு படத்துக்கு மட்டும் மார்க் போட மாட்டாங்க, ஸ்கெட்ச்புக், ட்ரையல், எடுத்துட்டு வேணாம்னு ஒதுக்கின போட்டோ, க்ரிட்டிக்ல, அதாவது வேலைய கிளாஸ்ல வெச்சி எல்லாரும் அலசும்போது, நீங்க பேசினது எல்லாத்தையும் சேர்த்துதான் பார்ப்பாங்க. ஒரே ராத்திரில ரொப்புன ஸ்கெட்ச்புக்க பார்த்தாலே தெரியும், எல்லா பக்கத்துலயும் ஒரே பென்சில், ஒரே அழுத்தம், ஒரே ட்யூப்லைட் நிழல்.

அடுத்தது கேமரா. கோர்ஸ் சேர்ந்த வாரமே வீட்ல அடம் புடிச்சி இஎம்ஐல பெரிய கேமரா பாடி (லென்ஸ் சேராத கேமரா) வாங்கிட்டு, வருஷம் முழுக்க ஆட்டோ மோட்லயே ஓட்டுறவங்க நிறைய பேர். மொதல்ல டிபார்ட்மெண்ட்ல கேமரா கொடுப்பாங்களான்னு கேளுங்க. இல்லன்னா மேனுவல் மோடு (செட்டிங் எல்லாம் நாமளே வெக்கிறது) இருக்கிற பழைய செகண்ட் ஹேண்ட் பாடியும், கேமராவோட சேர்ந்து வர்ற 18-55 எம்எம் கிட் லென்ஸும் தாராளமா போதும், வாங்கும்போது ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரைக்கும் எத்தன தடவ க்ளிக் ஆயிருக்குன்னு மட்டும் பார்த்துக்கோங்க. எல்லாரும் சொல்றாங்கன்னு 50 எம்எம் லென்ஸ மட்டும் வாங்கிடாதீங்க, சின்ன சென்சார் (படத்த பதியற சிப்) கேமராவுல அது 75, 80 எம்எம் மாதிரி கிட்ட இழுத்துக் காட்டும், ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தர முழுசா எடுக்கணும்னா சுவத்த இடிச்சிட்டுதான் பின்னாடி போகணும்.

நம்ம ஊர்ல இதவிட பெரிய தப்பு வெயில். கிளாஸ் முடிஞ்சி பன்னெண்டு மணிக்கு கோட்டைக்கு கிளம்பினா உச்சி வெயில்ல ஆளுங்க கண்ணு ரெண்டும் கறுப்பு குழியா விழும், அகழி தண்ணி வெறும் வெள்ளையா அடிக்கும், கல்லு எல்லாம் தட்டையா தெரியும். அதே மதில காலைல ஏழு மணிக்கு பாருங்க, வெளிச்சம் பக்கவாட்டுல உரசிட்டு போறதால கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு ஒண்ணு ஒண்ணும் தனியா எழும்பி நிக்கும். மத்தியானம்தான் டைம் கிடைக்கும்னா நிழலுக்குள்ள போய் எடுங்க. அப்பவும் வெயில்லயே எடுத்தாகணும்னா எஃப் 16 (லென்ஸ் துவாரம் சின்னதா), ஐஎஸ்ஓ 100 (சென்சாரோட உணர்திறன்), ஷட்டர் 1/100 செகண்ட்ல ஆரம்பிச்சி பாருங்க, பளிச்சுனு அடிக்கிற வெயிலுக்கு அது ஓரளவு சரியா வரும்.

கோட்டைக்குள்ள இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துலதான் முக்கால்வாசி பேர் மாட்டிக்கிறாங்க. உள்ள யாளித் தூணும் குதிரை வீரனும் இருட்டுல, வெளிய பிராகாரம் கண்ணு கூசுற வெளிச்சத்துல. ஆட்டோல விட்டா கேமரா ரெண்டையும் சராசரி போட்டு தூண கறுப்பாக்கிடும். உடனே பிளாஷ் போடுறாங்க, அது அதவிட மோசம், லென்ஸ் பக்கத்துல இருந்தே நேரா வெளிச்சம் போறதால செதுக்கின ஆழம் எல்லாம் செத்துப் போயி குதிரை வாய்ல இருக்கிற கடிவாளம்கூட சுவத்துல ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி ஆயிடும். ரெண்டு அடி தள்ளி நின்னு பிராகாரம் ஃபிரேம்ல வராத மாதிரி பண்ணுங்க, வெளிய தரையில பட்டு திரும்பி உள்ள வர்ற வெளிச்சமே போதும், அதுவே கீழருந்தும் பக்கத்துலருந்தும் சிற்பத்த காட்டும். வெளிச்சமும் சேர்ந்துதான் வரணும்னா ரா ஃபைல்ல (கேமரா சுருக்காம அப்படியே சேமிக்கிற ஃபைல்) எடுத்து வெளிச்சப் பகுதி வெளுக்காம பார்த்துக்கோங்க, இருட்ட பின்னாடி கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தூக்கலாம், மொத்தமா வெளுத்துப்போனத எந்த சாஃப்ட்வேராலயும் கொண்டு வர முடியாது.

ஒரு காலத்துல சாமி இல்லாத கோயில்னு கிண்டல் பண்ணுவாங்க, 1981ல லிங்கத்த திரும்ப கொண்டு வந்து வெச்ச பிறகு பூஜை நடக்கிற கோயில் அது, அதனால சாமி கும்புடுறவங்க மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டாதீங்க, "அக்கா, காலேஜ் ப்ராஜெக்டுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா"ன்னு கேட்டா யாரும் திட்டப் போறதில்ல. தொல்லியல் துறை பார்த்துக்கிற இடம்ன்றதால ட்ரைபாட் வெக்கணும்னா முன்னாடியே பர்மிஷன் கேட்டுக்கோங்க. ஸ்ரீபுரம் தங்கக் கோயில ப்ராஜெக்ட் டாபிக்கா எழுதிக் கொடுக்கிற ஆளுங்களும் இருக்காங்க, உள்ள கேமராவும் விடமாட்டாங்க, செல்லும் விடமாட்டாங்க, அப்புறம் எத எடுப்பீங்க?

டிராயிங் பக்கம் வந்தா, நடிகர் போட்டோவ செல்லுல பார்த்து கட்டம் போட்டு வரையறதுதான் பெரிய வியாதி. போர்ட்ஃபோலியோ முழுக்க அப்படியே இருக்கும். போட்டோவுல வெளிச்சத்த கேமரா ஏற்கனவே முடிவு பண்ணி தட்டையாக்கிடுச்சு, நீங்க காப்பிதான் அடிக்கிறீங்க. அதுக்கு பதிலா மார்க்கெட்டுல ஒரு இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வாங்கி ஜன்னல் ஓரமா வெச்சி வரைஞ்சி பாருங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊரு சரக்கு. அதோட பளபளப்ப எல்லாரும் பழக்க தோஷத்துல வட்டமா ஒரு வெள்ளை விட்டுடுவாங்க, உத்துப் பார்த்தா அது வட்டமே இல்ல, ஜன்னல்தான் வளைஞ்சி தெரியுது, கம்பி கூட கோடா இருக்கும். அடிப்பக்கத்துல ஓரமா லேசா ஒரு வெளிச்சம், அது மேஜைல பட்டு திரும்புறது, அத விட்டா காய் உருண்டையா வராது. காம்புல இருக்கிற முள்ள கடைசியா போடுங்க.

பொருள் விஷயத்துல சுருக்கமா. வாட்டர்கலருக்கு சார்ட் பேப்பர் வேணாம், சுருண்டுக்கும், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமன் பேப்பர் வாங்குங்க. மே மாசம் ஃபேன் கீழ அக்ரிலிக் தட்டுலயே காஞ்சிடும், கொஞ்சம் கொஞ்சமா பிதுக்கி தண்ணி ஸ்ப்ரே பண்ணிக்கிட்டே இருங்க. அக்ரிலிக் மேல ஆயில் போடலாம், ஆயில் மேல அக்ரிலிக் போட்டா உரிஞ்சி வரும். லின்சீட் ஆயில் துடைச்ச துணிய சுருட்டி மூலைல போடவே கூடாது, அது காயும்போது தானா சூடாகி தீப்புடிக்கும், இது வெளையாட்டில்ல, விரிச்சி வெளிய காயப்போடுங்க.

கடைசி வாரத்துக்குன்னே ஒரு தப்பு இருக்கு, வாட்ஸ்அப்ல ஃபிரெண்டு அனுப்பின போட்டோவ அப்படியே பிரிண்டுக்கு கொடுக்கிறது. சாதாரணமா அனுப்பினா பிக்சல் குறைஞ்சிடும், டாக்குமெண்டா அனுப்ப சொல்லுங்க. 12க்கு 18 இன்ச் பிரிண்ட் தெளிவா வரணும்னா 3600க்கு 5400 பிக்சல் வேணும். மெமரி கார்டு ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல காப்பி இருக்கான்னு பாருங்க, லேப்ல மொதல்ல ஒரு சின்ன பிரிண்ட் போட்டு கலர் பார்த்துட்டு அப்புறம் பெருசு சொல்லுங்க, லேப்டாப் வெளிச்சத்த முழுசா ஏத்தி வெச்சி எடிட் பண்ணிருந்தீங்கன்னா பிரிண்ட் கண்டிப்பா இருட்டாதான் வரும்.