பேக்கப் ஹீட்டரைக் கட்டிப்போடுவது எப்படி?

சிங்கப்பூரில் ஹீட்டிங்கா என்று சிரிப்பவர்கள் காலை ஏழு மணிக்கு ஹோட்டலில் வெந்நீர் வராத நாளைப் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் மெஷின்), தொட்டிக்குள் பேக்கப்பாக எலக்ட்ரிக் ஹீட்டர், இதுதான் எங்கள் ஏற்பாடு. நைட் ஷிஃப்ட்டுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் சூடு தரும். ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான். அதனால் ஹீட்டர் தாமதமாக வந்து சீக்கிரம் போகவேண்டும். தொட்டி 55 டிகிரிக்கு இறங்கியதும் ஹீட் பம்ப் ஓடி 60-இல் நிற்கட்டும். ஹீட்டருக்கு 50 வையுங்கள், அதுவும் அரை மணி நேரம் அதற்குக் கீழேயே கிடந்தால் மட்டும். ஏன் அரை மணி? 2000 லிட்டரை 5 டிகிரி ஏற்ற 11.6 யூனிட் சூடு வேண்டும். யாரும் குழாயைத் திறக்காவிட்டால் 30 கிலோவாட் ஹீட் பம்ப் அதை 25 நிமிடத்துக்குள் முடித்துவிடும். 53 வந்ததும் ஹீட்டரை நிறுத்துங்கள். இரண்டுக்கும் ஒரே செட்பாயிண்ட், அதாவது நாம் குறித்துவைக்கும் டிகிரி, வைத்தால் ஹீட்டர் வேலை செய்யும், ஹீட் பம்ப் வேடிக்கை பார்க்கும்.

சில கண்ட்ரோலர்களில் வெளிக்காற்று சூடாக இருந்தால் ஹீட்டரைப் பூட்டிவிடும் வசதி உண்டு. அது பனி விழும் ஊர்களுக்கானது. அதை 5, 10 டிகிரியிலேயே விட்டுவைத்தால், டிசம்பர் மழையிலும் 20-க்குக் கீழே போகாத இந்த ஊரில் ஹீட்டர் ஒருநாளும் எரியாது. முதலில் அதை ஆஃப் பண்ணுங்கள்.

அப்புறம் அலாரம். ஹீட் பம்ப் படுத்துவிட்டாலும் ஹீட்டர் சமாளித்துக்கொண்டே இருக்கும். அறையில் இருப்பவருக்கு வெந்நீர் வருகிறது, புகார் இல்லை, பில் வந்த பிறகுதான் விஷயம் தெரியும். எனவே ஹீட்டர் தொடர்ந்து இரண்டு மணி நேரம் எரிந்தால் டியூட்டி போனுக்கு மெசேஜ் வரும்படி பிஎம்எஸ்ஸில் (கட்டடத்தின் மெஷின்களைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் சிஸ்டம்) வையுங்கள்.

பில்லைக் குறைக்க 60-ஐ 45-க்கு இறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெதுவெதுப்பான தொட்டியில் லீஜியோனெல்லா கிருமி பெருகும்.

மாதம் ஒருமுறை, அறைகள் காலியாக இருக்கும் மதியத்தில், ஹீட்டர் செட்பாயிண்டைக் கொஞ்ச நேரம் ஏற்றிச் சோதித்துப் பாருங்கள். பேனலைத் திறப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனாக இருக்கட்டும். 18 கிலோவாட் ஹீட்டர் என்றால் கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிப் பிடித்து கரண்டை அளக்கும் கருவி) மூன்று ஃபேஸிலும் சுமார் 26 ஆம்பியர் காட்டவேண்டும். சமமாக இல்லையென்றால் ஹீட்டருக்குள் சூடாகும் கம்பிகளில் (எலிமென்ட்) ஏதோ ஒன்று போய்விட்டது. செட்பாயிண்டைத் திரும்ப 50-க்கு வைத்து, லாக் புக்கில் எழுதிவிட்டு இறங்குங்கள்.