டாக்டர் அறை வாசலில் ஏன் இத்தனை கூட்டம்? கடலோர சுகாதார நிலையத்துக்கு லீன் முறை

ராமநாதபுரம் கடலோரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அறை வாசலில் கூட்டம் நெரிந்தால், இன்னொரு டாக்டர் வேண்டும் என்றுதான் தோன்றும். அதற்கு முன் நேரத்தை அளந்து பாருங்கள். வீண் காத்திருப்பையும் வீண் வேலையையும் கண்டுபிடித்துக் குறைப்பதுதான் லீன் முறை. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் நான்கு கட்டம் போடுங்கள்: பதிவு, பி.பி., டாக்டர், மருந்து. நோயாளி வந்த மணியை அங்கங்கே இருப்பவர் குறிக்கட்டும். ஒரு வாரம் போதும். செவ்வாய் கர்ப்பிணிகள், புதன் தடுப்பூசி. அந்த இரண்டு நாள் கணக்கைத் தனியே வையுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில் எடுத்த கணக்கு மற்ற மாதங்களுக்குப் பொருந்தாது.

பெரும்பாலும் சிக்குவது ஒரே ஆள் இரண்டு தடவை டாக்டரைப் பார்ப்பதில்தான். 180 நிமிடத்தில் 60 பேர் என்றால் தலைக்கு 3 நிமிடம், மூச்சுவிட இடமில்லை. அதில் 20 சர்க்கரை நோயாளிகள் லேபுக்குப் போய் ரிசல்ட்டோடு திரும்பி வந்து ஆளுக்கு 2 நிமிடம் எடுத்தால், 40 நிமிடம் கூடிவிடும். பரிசோதனையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்: யாருக்கு எப்போது எடுப்பது என்று டாக்டர் கையெழுத்திட்ட பட்டியல் பதிவு மேசையில் இருக்கட்டும், உரியவர் நேரே லேபுக்குப் போகட்டும். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "டீ மட்டும்தான்" என்பார்கள். சர்க்கரை போட்ட டீ குடித்தவரும் வெறும் வயிறு இல்லை. கடைசியாக வாயில் போட்டது என்ன, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் லேபில் வந்த சர்க்கரை அளவை வைத்து டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்தது கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்புவது. பி.பி. பார்க்க 2 நிமிடம், பத்து சீட்டு சேர்ந்ததும் உள்ளே கொடுப்பது வழக்கம் என்றால், முதல் ஆள் 18 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். டாக்டரும் முதலில் ஆளில்லாமல் இருந்து, பிறகு பத்துப் பேரிடம் மாட்டிக்கொள்கிறார். பார்த்த சீட்டை அப்போதைக்கப்போது அனுப்புங்கள்.

மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரே மருந்துக்கு முன்னும் பின்னுமாக இரட்டைப் பெட்டி வையுங்கள். தினமும் 40 பேருக்கு மாதத்துக்கு 60 மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) வீதம் 2,400 மாத்திரை போகும் என்றால், பெட்டிக்கு 3,600, அதாவது ஒன்றரை நாளுக்கு. முன்பெட்டி காலியானதும் அதிலுள்ள, மருந்தின் பெயர் எழுதிய அட்டை ஸ்டோருக்குப் போகும், பின்பெட்டி முன்னால் வரும். சீக்கிரம் காலாவதியாவதை மேலே வையுங்கள். அவசரத்தில் இரண்டு பெட்டியையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால், தீரும்வரை யாருக்கும் தெரியாது.

நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, காய்ச்சலில் துவண்ட குழந்தை, ரத்தப்போக்கோடு வரும் கர்ப்பிணி யாரும் வரிசையில் நிற்கக்கூடாது. பதிவு மேசையிலேயே சிவப்புச் சீட்டு கொடுத்து உள்ளே அனுப்புங்கள். திருக்கை மீன் முள் காலில் குத்தியவருக்கும் அப்படித்தான்: கை பொறுக்கும் வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், காலை ஊறவைத்தபடியே டாக்டர் பார்க்கட்டும். நீரின் சூட்டை நர்ஸ் தன் கையால் பார்க்க வேண்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது.

இத்தனையையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். ஒன்றை மாற்றி இரண்டு வாரம் ஓட்டி, அதே நான்கு கட்டத்தை மறுபடி எழுதிப் பாருங்கள்.