விரலடியில் இருப்பது நகரக் கூடாது

கட்டிட வரைபடங்களை இணைய உலாவியில் காட்டும் செயலி அது. டச்பேடில் இரண்டு விரலை விரித்தால் படம் பெரிதாகும். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த அறை மட்டும் திரையை விட்டு ஓடிவிடும். வேகத்தைக் குறைத்தால் சரியாகும் என்றார்கள். குறைத்தோம். மெதுவாக ஓடியது, அவ்வளவுதான்.

பயன்படுத்துபவர்களிடம், "இப்போ என்ன செய்யப் போறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்றேன். "இந்த ரூமைக் கிட்டக்கப் பார்க்கணும்" என்றுதான் சொன்னார்கள். முழுப் படமும் அவர்கள் மனதிலேயே இல்லை. செயலியோ திரையின் நடுப்புள்ளியை மையமாக வைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தது.

ஆகவே சுட்டி நிற்கும் புள்ளியை அசையாமல் பிடித்துவைத்தேன். படம் திரையின் மூலையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது நகர்வு, எத்தனை மடங்கு பெரிதாகியிருக்கிறது என்பது அளவு. கணக்கு ஒரே வரி:

புதிய நகர்வு = சுட்டி − (சுட்டி − பழைய நகர்வு) × (புதிய அளவு ÷ பழைய அளவு)

கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் இதைத் தனித்தனியாகப் போட வேண்டும்.

உண்மையில் நேரத்தைத் தின்றது வேறொன்று. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் டச்பேடில் விரல் விரிப்பதைத் தனி நிகழ்வாகச் செயலிக்குத் தருவதில்லை. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டியது போலவே அனுப்புகின்றன. கன்ட்ரோல் அழுத்தப்பட்டதாகக் குறி இருந்தால் பெரிதாக்கு, இல்லாவிட்டால் நகர்த்து என்று பிரித்தேன். உலாவியின் இயல்பான செயலையும் தடுக்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் முழுவதும் சேர்ந்து ஊதிப் பெருக்கும்.

உருட்டும் திசையை மட்டும் நான் தொடவில்லை. 2011இல் மேக் கணினிகளுக்கான ஓஎஸ் எக்ஸ் லயன் இயங்குதளத்தில் ஆப்பிள் அதைத் தலைகீழாக்கியது. பழைய திசையே கைக்கு வருகிறது என்பவர்கள் இன்றும் உண்டு. அவரவர் கணினியில் வைத்திருக்கும் அமைப்பைச் செயலி அப்படியே எடுத்துக்கொள்கிறது.