கடைசி இடம் எந்தப் பாட்டுக்கு? ஆல்பத்தின் பாடல்களைத் தரவரிசைப்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் ராக் இசை கேட்பவர்கள் யார் என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு. காட்பாடியில் வி.ஐ.டி. பக்கத்துத் தேநீர்க் கடைகளிலோ பாகாயத்தில் மருத்துவ மாணவர்கள் கூடும் இடங்களிலோ ஒரு மாலை நின்றால் விடை கிடைத்துவிடும். மிசோரமும் நாகாலாந்தும் குடியாத்தமும் ஆம்பூரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பிடித்த ஆல்பத்தின் பாடல்களில் எது முதல், எது கடைசி என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சண்டை நல்லதுதான். ஆனால் பாட்டை எடை போடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு அதன் புகழையோ, ஆல்பத்தில் அது இருக்கும் இடத்தையோ, நம் கல்லூரி நினைவுகளையோ எடை போட்டுவிடுகிறோம். பட்டியல்கள் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் புகழ். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) ஆல்பத்தில் 9 பாடல்கள். அவற்றில் 7 தனித்தனியாகவும் வெளியிடப்பட்டு, ஏழுமே அமெரிக்க ஹிட் பாடல்கள் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தன. அப்படி வெளிவராதவை 'பேபி பி மைன்', 'த லேடி இன் மை லைஃப்' இரண்டும்தான். பலரும் இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு அடியில் போட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், பால் மெக்கார்ட்னியுடன் பாடிய 'த கேர்ள் இஸ் மைன்' அந்தக் கடைசி இடத்துக்கு இன்னும் தகுதியானது. இரண்டு பெரிய பெயர்களின் தயவில் அது தப்பித்துக்கொண்டிருக்கிறது. செயலியில் பாட்டுக்குப் பக்கத்தில் தெரியும் எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினாலே ஒருமுறை கேட்டதாகக் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்தது அதிகம் பேசப்படாத தவறு: பாடல் இருக்கும் இடம் நம் காதை ஏமாற்றுவது. முழு ஆல்பமும் அடங்கும் பெரிய எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழல்கிறது. ஊசி உள்ளே போகப் போகச் சுற்றளவு குறைவதால், ஒரு நொடி ஒலிக்குக் கிடைக்கும், ஊசி ஓடும் பள்ளத்தின் நீளமும் குறைகிறது. ஒலியின் தெளிவும் அதனோடு குறைகிறது. எனவே ஆரவாரமான பாடல்களை இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் அமைதியானவற்றை முடிவிலும் வைக்கும் பழக்கம் தயாரிப்பாளர்களிடம் இருந்தது. நாம் இன்று கைப்பேசியில் கேட்டாலும், அந்த வரிசையைத்தான் கேட்கிறோம். போதாததற்கு, சத்துவாச்சாரியில் பஸ் ஏறிப் பாகாயத்தில் இறங்குபவருக்குத் தினமும் முதல் ஐந்தாறு பாடல்களே வாய்க்கும். கடைசிப் பாடல்கள் பிடிக்காமல் போவதற்கு அவற்றைக் கேட்காததே காரணமாக இருக்கலாம். சில நாட்கள் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். சென்னைக்கு ரயில் ஏறும் நாள் என்றால் இன்னும் நல்லது. காட்பாடியிலிருந்து போய்ச் சேருவதற்குள் முழு ஆல்பத்தை இரண்டு முறை கேட்டுவிடலாம்.

ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' (1976) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிதார் பிடித்த ஒவ்வொருவரும் கல்லூரி மேடையில் வாசித்துத் தேய்த்த அந்தத் தலைப்புப் பாடலே ஆல்பத்தின் தொடக்கம். முடிவில் ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் 'த லாஸ்ட் ரிசார்ட்' வரை பலர் போவதே இல்லை. என் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம்.

'நான் வரிசைப்படுத்தியது அப்படியே ஆல்பத்தின் வரிசையாக வந்துவிட்டதே, சோம்பேறித்தனமோ?' என்று கவலைப்படுவோருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. யு2 குழுவின் 'த ஜோஷுவா ட்ரீ' (1987) ஆல்பத்தின் வரிசையை அமைத்தவர் பாடகி கிர்ஸ்டி மெக்கால். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் எவை என்று குழு சொல்லிவிட்டது. இடையில் இருப்பவற்றை அவர் தமக்குப் பிடித்த வரிசையில் அடுக்கினார். அந்த ஆல்பமே ஒருவருடைய தரவரிசைதான்.

ஒட்டிப் பிறந்த பாடல்களைப் பிரித்து மதிப்பெண் போடுவது இன்னொரு கொடுமை. பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) 'ஸ்பீக் டு மீ' என்ற சிறு ஒலிக்கோவையுடன் தொடங்குகிறது. இதயத் துடிப்பு, கடிகாரம், பணப்பெட்டி, சிரிப்பு என்று ஆல்பத்தில் பின்னால் வரப்போகும் ஒலிகளின் முன்னோட்டம் அது. அப்படியே 'ப்ரீத்' பாடலுக்குள் கரைந்துவிடும். அதைத் தனியாக எடுத்துக் கடைசி இடம் கொடுப்பது, வாசற்படியை வீட்டின் மோசமான அறை என்று சொல்வதற்குச் சமம். பீட்டில்ஸின் 'அபே ரோட்' (1969) இன்னும் சிக்கலானது. இரண்டாம் பக்கத்தில் சுமார் 16 நிமிடம் குறும்பாடல்கள் ஒன்றோடொன்று கோத்து வருகின்றன. கடைசியில் 23 நொடியே ஓடும் 'ஹெர் மெஜஸ்டி'. அந்தக் கோவையின் நடுவிலிருந்து வெட்டப்பட்ட துண்டு அது; எதையும் தூக்கி எறியக் கூடாது என்ற விதி இருந்ததால் ஒலிநாடாவின் முடிவில் ஒட்டிவைக்கப்பட்டது, அங்கேயே தங்கிவிட்டது. கோவையை ஒரே பாடலாகக் கொள்வதா, பிரிப்பதா என்பதைப் பட்டியல் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நான் ஒன்றாகவே கொள்வேன்.

எந்தப் பதிப்பு என்று கேட்காமலே வாதிடுபவர்களும் உண்டு. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966) பிரிட்டனில் 14 பாடல்களுடனும் அமெரிக்காவில் 11 பாடல்களுடனும் வந்தது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985) இசைத்தட்டில் சில பாடல்கள் சுருக்கப்பட்டிருக்கும், சி.டி.யில் அவை நீளமானவை. அப்பாவின் இசைத்தட்டில் கேட்டவரும் செயலியில் கேட்பவரும் மணிக்கணக்கில் மோதுவது சில நேரம் இரண்டு வேறு ஆல்பங்களைப் பற்றி. மறுபதிப்புகளில் சேர்க்கப்படும் கூடுதல் பாடல்களுக்குத் தனிப் பட்டியல் போதும்.

ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். கத்திரி வெயிலில், மின்சாரம் போன மதியத்தில் மெதுவான பாடல்கள் எல்லாம் இழுவையாகத்தான் தெரியும்.

நண்பர்களின் பட்டியல்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யாருக்கும் பிடிக்காமல் போகாத பாட்டு சராசரியில் மேலே ஏறிவிடும், பாதிப் பேர் உயிரையே வைத்திருக்கும் பாட்டு நடுவில் சிக்கிக்கொள்ளும். இதற்குப் பதில் இரண்டிரண்டு பாடல்களாக மோதவிட்டு வாக்கெடுக்கலாம். 9 பாடல்கள் என்றால் 36 மோதல்கள், ஒரு மாலைப் பொழுதில் முடியும். 14 பாடல்கள் என்றால் 91; அதற்குப் பொறுமை வேண்டும், நிறையத் தேநீரும் வேண்டும். ஒவ்வொருவரும் தம் தேர்வைத் தாளில் எழுதி மடித்த பிறகே வாய் திறப்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் குரல் பெரியவருக்குப் பிடித்த பாட்டுதான் எப்போதும் முதலிடத்தில் இருக்கும்.