எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு ஆனந்த் செஸ் ஆட்டத்தைப் படிப்பது எப்படி

முதல் வேலை, எஞ்சினை, அதாவது ஆட்டத்தை அலசிச் சொல்லும் கணினி நிரலை, மூடுங்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று திரையோரம் +0.8, -2.1 என எண் ஓடினால் யாரும் யோசிக்க மாட்டோம். நிஜ போர்டு, நகர்வுகள் எழுதிய தாள், அதை மறைக்க ஒரு அட்டை, இவ்வளவு போதும்.

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் ஆர்மீனிய கிராண்ட்மாஸ்டர் அரோனியனோடு ஆனந்த் கறுப்பில் ஆடியதை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 23 நகர்வு. ஓப்பனிங், அதாவது தொடக்க நகர்வுகளின் முறை, செமி ஸ்லாவ், அதில் மெரான் வகை. முதல் 11 நகர்வை வேகமாக வைத்துவிடலாம்.

12-ல் நிறுத்துங்கள். வெள்ளைக் குதிரை ஜி5-க்கு (ஜி நெடுவரிசையில், வெள்ளையின் பக்கத்திலிருந்து 5-வது கட்டம்) வந்து எச்7 சிப்பாயை மிரட்டுகிறது. நமக்கெல்லாம் எச்6 தள்ளத்தான் கை போகும். ஆனந்த் கண்டுகொள்ளாமல் சி5 ஆடினார், வெள்ளைக் குதிரை எச்7-ஐ வெட்டியதும் தன் குதிரையை ஜி4-க்கு அனுப்பினார், எஃப்8 யானை அடிபடுமே என்ற கவலையே இல்லை!

அடுத்து 15-லும் 16-லும் கறுப்பின் நகர்வைப் பார்க்கும் முன் உங்கள் பதிலைத் தாளில் எழுதுங்கள். எழுதாவிட்டால் "நானும் இதைத்தான் நினைச்சேன்" என்று பிறகு சொல்லிக்கொள்வோம். 15-ல் பிஷப்பை சி5-ல், சிப்பாயின் வாயிலேயே வைக்கிறார். வெட்டினால் குதிரை திருப்பி வெட்டும், டி வரிசை திறந்து டி3 பிஷப் மேல் ராணியும் குதிரையும் சேர்ந்து பாயும். 16-ல் இன்னொரு குதிரை இ5-க்குப் போகிறது. டி4 சிப்பாயால் அதைத் தொட முடியாது, அது நகர்ந்தால் ராஜாவுக்கு செக். எஃப்4 சிப்பாய் வெட்டினால்? காயை நகர்த்தாமல் மனசுக்குள்ளேயே பாருங்கள்: ராணி டி4-ல் செக், ராஜா எச்1, ராணி ஜி1-ல் தன்னையே கொடுத்து செக், யானை வெட்டியாக வேண்டும், குதிரை எஃப்2-ல் மேட். இதைத் தானாகக் கண்டுபிடிக்க அரை மணி ஆனாலும் பரவாயில்லை. (ஆனந்துக்கும் எல்லாம் அங்கேயே உதித்ததல்ல, 2012-ல் கெல்ஃபாண்டுடனான உலகப் பட்டப் போட்டிக்குத் தயாரித்த சரக்கு இது.)

கடைசியில் பிஷப் இ3-க்கு வந்ததும் அரோனியன் ஏன் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். குறிப்பு: எச்3, ஜி2 சிப்பாய்கள் இரண்டும் பின்னில் மாட்டியிருக்கின்றன (வெட்டப் போனால் பின்னாலிருக்கும் ராஜாவுக்கு செக்), டி3-ல் நிற்கும் வெள்ளை ராணிக்கும் எச்3-க்கும் நடுவில்தான் அந்த பிஷப்.

அப்புறம் எஞ்சினைத் திறந்து, எழுதியதைச் சரிபாருங்கள். அது முடிந்தால் 1907-ல் லோட்ஸ் நகரில் ரோட்லேவியை ரூபின்ஸ்டைன் வென்ற ஆட்டத்தை வையுங்கள். அதிலும் இதே மாதிரி இரண்டு பிஷப்தான், ஆனால் அங்கே ராணியையே கொடுக்கிறார், எந்த நகர்வில் என்று அட்டையை நகர்த்தாமல் தேடுங்கள்.